ஏலத்தில் பழைய காசு: எவ்வளவு வரை கேட்கலாம்?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயத்தைக் காலி செய்து தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்குக் குடிவந்த குடும்பங்கள் பலவற்றில், தாத்தாவின் தகரப்பெட்டியோடு கொஞ்சம் பழைய காசும் வந்து சேர்ந்திருக்கும். விக்டோரியா ராணி தலை போட்ட இந்திய ரூபாய், நான்கு மூலையும் மழுங்கிய சதுர ஒரு சென், மடித்து மடித்துக் கிழிந்த ஜப்பான்காரன் காலத்து வாழைமர நோட்டு. இவற்றைப் பார்த்து ஆசை பிடித்தவர்கள்தான் பிறகு கைப்பேசியைத் திறந்து ஏலத்தில் காசு கேட்கத் தொடங்குகிறார்கள். அப்படித் தொடங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

புதியவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: “அண்ணே, இந்தக் காசு என்ன விலை போகும்?” ஏலத்தில் உட்காருகிறவருக்கு இந்தக் கேள்வி போதாது. காசு என் கைக்கு வந்து சேரும்போது மொத்தம் எவ்வளவு ஆகியிருக்கும், அதை விற்க வேண்டி வந்தால் என் கையில் எவ்வளவு நிற்கும், இந்த இரண்டும் தெரிய வேண்டும். தெரிந்துவிட்டால், கேட்க வேண்டிய தொகை பின்னாலிருந்து முன்னால் கணக்குப் போட்டு வந்துவிடும். அந்தத் தொகையை ஏலம் தொடங்குவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதிவிட வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அந்த ஓர் எண்ணுக்குப் போய்ச் சேரும் வழிதான்.

முதலில், எந்தக் காசு என்று தெரிந்துகொள்ளுங்கள்

எல்லாக் காசுக்கும் சேர்த்துப் படிக்க முடியாது. ஒரு வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் அதிகம் புழங்கும் ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் (பிரிட்டிஷ்காரர் காலத்துப் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்) வெள்ளி டாலரையே எடுத்துக்கொள்வோம். பெயர் ஒன்றுதான் என்றாலும் அதில் மூன்று அளவுகள் உண்டு. 1903, 1904-ஆம் ஆண்டுகளில் அடித்த பெரிய டாலர் 26.95 கிராம் எடை, நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. 1907 முதல் 1909 வரை வந்தது அதே தரம், ஆனால் எடை 20.21 கிராமாகக் குறைந்தது. ஐந்தாம் ஜார்ஜ் தலையோடு 1919, 1920-இல் வந்தது 16.85 கிராம், அதில் பாதிதான் வெள்ளி.

எடை ஏன் குறைந்தது என்பது விலைக்கும் சம்பந்தமுள்ள கதை. 1906-இல் டாலரின் மதிப்பை இரண்டு ஷில்லிங் நான்கு பென்ஸ் என்று நிலைநிறுத்தினார்கள். வெள்ளி விலை ஏற ஏற, காசின் முகமதிப்பைவிட அதிலிருந்த உலோகத்தின் மதிப்பு மேலே போகும் நிலை வந்தது; அதனால்தான் எடையைக் குறைத்தார்கள். காசை உருக்கினால் லாபம் என்றால் உருக்காமல் யார் இருப்பார்கள்? அதனால் எத்தனை அடித்தார்கள் என்ற எண்ணை மட்டும் வைத்து ஒரு காசு அரிதா மலிவா என்று சொல்ல முடியாது. எத்தனை தப்பிப் பிழைத்தன, அதிலும் நல்ல நிலையில் எத்தனை இருக்கின்றன என்பதே விலையைத் தீர்மானிக்கும்.

செல்லாத காசு எல்லாம் அரிய காசு ஆகிவிடாது. ஒரு ரிங்கிட் காசை மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2005 டிசம்பர் 7-ஆம் தேதியோடு செல்லாததாக்கியது. “இப்போது கிடைக்கவே கிடைக்காது” என்று அதை ஏலத்தில் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பல வீட்டு உண்டியலில் அது கிடக்கிறது. வாழைமர நோட்டும் அப்படித்தான், சாதாரண நிலையில் அள்ளக் கிடைக்கும். மாறாக, 1967-இல் தொடங்கிய நாடாளுமன்றக் கட்டடம் போட்ட சில்லறை வரிசையில் 1971-ஆம் ஆண்டின் 10 சென், 20 சென் காசுகளைச் சேகரிப்பாளர்கள் துரத்துகிறார்கள். பார்வைக்குப் பக்கத்து ஆண்டுக் காசுக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. இப்படி ஓர் ஆண்டு எண்ணிலேயே விலை நிற்கும் காசு என்றால், அந்த எண்ணைச் சுற்றி யாராவது சுரண்டி மாற்றியிருக்கிறார்களா என்று உருப்பெருக்கியில் பார்க்காமல் ஐந்து சென்கூடக் கேட்காதீர்கள்.

அசலா என்று பார்ப்பது

பெரிய வெள்ளி டாலர்களுக்குப் போலி ஏராளம். பிரிட்டானியா அம்மன்போல சூலம் பிடித்து நிற்கும் பிரிட்டிஷ் வர்த்தக டாலர், 1895 முதல் 1935 வரை வந்தது, அதற்கும் போலி தாராளமாக உலவுகிறது. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) தட்டில் குவித்து வைத்து விற்பதில் பெரும்பாலும் அந்த ரகம்தான்.

ஏல நிறுவனங்கள் ஏலத்துக்கு முன்பு பொருளைப் பார்க்க ஒரு நாள் ஒதுக்கும். முடிந்தால் போங்கள். கையில் மூன்று சாமான் போதும்: பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சின்னத் தராசு, ஒரு காந்தம். காந்தம் இழுத்தால் கதை முடிந்தது. இழுக்காவிட்டால் அசல் என்று பொருள் இல்லை. பித்தளையும் செம்பும்கூடக் காந்தத்துக்கு அசையாது.

எடை சரியாக இருக்கும் போலியும் உண்டு. அதைப் பிடிக்கத் தண்ணீர்ச் சோதனை வேண்டும். இதை உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் காசில் வீட்டில் செய்து பழகுங்கள். தராசின் மேல் ஒரு சின்னக் கிளாசில் தண்ணீர் வைத்து, தராசைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, கிளாசின் அடியையோ சுவரையோ தொடாமல் தண்ணீருக்குள் முழுகத் தொங்கவிடுங்கள். தராசு ஒரு சிறு எண் காட்டும். அது காசு ஒதுக்கிய தண்ணீரின் எடை. காசின் உலர்ந்த எடையை அந்த எண்ணால் வகுத்தால் உலோகத்தின் அடர்த்தி கிடைக்கும். தொண்ணூறு பங்கு வெள்ளிக்கு அது ஏறத்தாழ 10.3. ஆக, 26.95 கிராம் டாலர் தண்ணீரில் 2.6 கிராம் சுற்றிக் காட்ட வேண்டும், 20.21 கிராம் டாலர் 1.96. பெரிய டாலர் மூன்றுக்குமேல் காட்டினால் உள்ளே இருப்பது வெள்ளி இல்லை. ஒட்டியிருக்கும் காற்றுக்குமிழை விரலால் தட்டி விடாவிட்டால் கணக்கு தப்பாக வரும், கவனம். பார்வை நாளில் பிறத்தியார் காசைத் தண்ணீரில் முக்க விடமாட்டார்கள்; அங்கே எடையும் லென்சும்தான்.

விலை ஆயிரத்தைத் தாண்டும் காசு என்றால், பி.சி.ஜி.எஸ். அல்லது என்.ஜி.சி. என்ற காசு மதிப்பீட்டு நிறுவனங்கள் மதிப்பிட்டு பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்ததையே புதியவர்கள் தேடுவது நல்லது. அந்தப் பெட்டிக்கு ஸ்லாப் என்று பெயர். ஸ்லாப்பிலும் போலி வந்துவிட்டது. மேலே உள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் தட்டிப் பாருங்கள். அங்கே படம் இருந்தால் காசின் கீறல் ஒவ்வொன்றையும் உங்கள் முன்னால் உள்ள படத்தோடு ஒப்பிடுங்கள். எண் சரி, ஆனால் கீறல் வேறு இடத்தில் என்றால், அடுத்த லாட்டுக்கு, அதாவது அடுத்த ஏலப் பொருளுக்கு, போய்விடுங்கள்.

காசின் நிலை: விலையில் பாதி இங்கேதான்

செம்பனை ஆலையில் லாரி வந்து நின்றதும் தரம் பார்ப்பவர் குலைகளைப் புரட்டிப் பார்த்துக் கழிவு போடுவாரே, அதே கண்தான் இங்கேயும் வேண்டும். நல்ல குலை மேலே, பிஞ்சுக் குலை அடியில். ஏலப் படத்திலும் காசின் நல்ல பக்கம்தான் பெரிதாக இருக்கும்.

காசின் நிலையை 1 முதல் 70 வரை எண்ணால் சொல்லும் ஷெல்டன் அளவுகோல் உலகம் முழுக்கப் புழங்குகிறது. புழக்கத்துக்கே போகாத காசு 60-இல் தொடங்கும். அதற்குக் கீழே, தேய்மானத்தைப் பொறுத்து ஏ.யு. (ஏறத்தாழப் புழங்காதது), இ.எஃப். (மிக நல்ல நிலை), வி.எஃப். (நல்ல நிலை, தேய்மானம் தெரியும்) என்று இறங்கும். இந்த ஒவ்வொரு படிக்கும் நடுவில் விலை இரட்டிப்பாவது சாதாரணம். எனவே “1904 டாலர் என்ன விலை” என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. வி.எஃப். நிலையில் 1904 என்ன விலை, ஏ.யு. நிலையில் என்ன விலை என்று கேட்டால் பதில் உண்டு.

பார்க்க வேண்டிய இடம் காசில் மேடாக இருக்கும் பகுதிகள். எட்வர்ட் மன்னர் தலை போட்ட 1903 முதல் 1909 வரையிலான டாலரில் கிரீடத்தின் பட்டை, காதுக்கு மேலுள்ள முடி, தாடி, தோளில் அங்கியின் மடிப்பு. கைமாறிக் கைமாறித் தேய்வது இவைதான் முதலில். கிரீடத்தின் மணிகள் தனித்தனியாகத் தெரிகின்றனவா, ஒரே கோடாக வழிந்துவிட்டனவா என்று பாருங்கள். காதுக்கு மேல் முடி இழை இழையாக இருந்தால் நல்ல நிலை. வழுவழுவென்று மொழுக்கையாக இருந்தால், விற்கிறவர் என்ன எழுதியிருந்தாலும் அது வி.எஃப்-க்கு மேல் போகாது.

அதன்பிறகு காசை ஒரு விளக்கின் கீழ் மெதுவாகச் சாய்த்துத் திருப்புங்கள். அச்சடித்த மினுக்கம் மிச்சமிருக்கும் காசில் ஒளி ஒரு பட்டையாகச் சக்கரம்போல் சுற்றிவரும். தேய்த்துத் துலக்கிய காசில் ஒளி அப்படிச் சுற்றாது. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வெளிறிப் பளபளக்கும். லென்சில் பார்த்தால் முடியைவிட மெல்லிய கீறல்கள் ஒரே திசையில் ஓடும். எழுத்துகளின் இடுக்கில் மட்டும் கருப்பு தங்கி, மீதியெல்லாம் வெளேரென்று இருந்தால் சந்தேகமே வேண்டாம், யாரோ புளி போட்டுத் துலக்கியிருக்கிறார்கள். குத்துவிளக்கு துலக்கும் நம் வீடுகளில் காசும் அந்த வரிசையில் போய்விடும். பாட்டி மேல் கோபப்பட்டுப் பயனில்லை. ஆனால் விலையில் அது பெரிய வெட்டு. மதிப்பீட்டு நிறுவனங்கள் இதற்கு எண் தராமல் ‘டீடெய்ல்ஸ்’ என்று எழுதிவிடுவார்கள். துலக்கிய காசுக்கு, துலக்காத அதே காசின் விலையில் பாதிக்கு மேல் நான் கேட்பதில்லை.

அடுத்தது காசுமாலைக் காசு. பிரிட்டிஷ் இந்திய ரூபாய் 11.66 கிராம், பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. கப்பலில் வந்த பெண்கள் கழுத்தில் அது வந்திருக்கிறது. வளையம் ஒட்டிக் கோத்த காசில், பின்னாளில் வளையத்தை எடுத்திருந்தாலும் தடயம் நிற்கும். காசின் விளிம்பைச் சுற்றி விரல் நகத்தை ஓட்டுங்கள். விளிம்பின் வரிகள் ஓர் இடத்தில் மட்டும் நின்றுபோய், அங்கே மேடோ பள்ளமோ தட்டுப்படும். பெரும்பாலும் மன்னரின் தலைக்கு நேர் மேலே, பன்னிரண்டு மணி இருக்கும் இடத்தில். ஏலப் பட்டியலில் விளிம்புப் படம் இருக்காது. கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால், ஒட்டிய காசு என்றே வைத்து விலை போடுங்கள்.

பழைய விற்பனையைத் தேடுவது

விலைப்பட்டியல் புத்தகத்தில் இருக்கும் எண்ணும், கடைக்காரர் ஒட்டி வைத்திருக்கும் சீட்டும் அவர்கள் விற்க விரும்பும் விலை. உங்களுக்கு வேண்டியது, ஒருவர் உண்மையிலேயே காசைக் கொடுத்து வாங்கிய விலை. பெரிய ஏல நிறுவனங்கள் முடிந்த ஏலங்களின் முடிவைத் தளத்தில் வைத்திருக்கின்றன. பெயர் பதிந்தால் பல இடங்களில் இலவசமாகவே பார்க்கலாம். ஸ்ட்ரெய்ட்ஸ் டாலர்கள் ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் அடிக்கடி ஏலத்துக்கு வருவதால் முடிவுகளுக்குப் பஞ்சமில்லை.

அதே ஆண்டு, அதே அச்சுச்சாலை, அதே நிலை. இந்த மூன்றும் ஒத்துப்போகும் விற்பனை நான்கைந்து எடுங்கள், கடந்த இரண்டு மூன்று ஆண்டுக்குள். ஒவ்வொன்றையும் அன்றைய மாற்று விகிதத்தில் ரிங்கிட்டுக்கு மாற்றுங்கள். அந்த விலையில் வாங்குபவர் கமிஷன், அதாவது வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குக் கூடுதலாகக் கட்டுவது, சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சில தளங்கள் சேர்த்துக் காட்டும், சில தளங்கள் சுத்தியல் அடித்த விலையை (ஏலம் முடிந்த விலையை) மட்டும் காட்டும். இதைப் பிரிக்காமல் ஒப்பிட்டால் ஐந்தில் ஒரு பங்கு தப்பாகப் போகும்.

ஏலக்காரர் லாட்டுக்குக் கீழே போடும் ‘மதிப்பு’ இந்தக் கணக்கில் சேராது. எங்கள் ஊரில் செம்பனை ஆலையில் வேலை செய்யும் ஒரு தம்பி அண்மையில் கேட்டான்:

“அண்ணே, முந்நூறுல இருந்து நானூறுன்னு போட்டிருக்கான். அப்போ நானூறு ரிங்கிட்டுக்கு மேல போகாதுதானே?”

“அது விருந்தாளிக்குப் போட்ட கோலம், தம்பி. உள்ளே சாப்பாடு என்னன்னு அதுல தெரியாது.”

குறைத்துப் போட்டால் கூட்டம் சேரும், கூட்டம் சேர்ந்தால் விலை ஏறும். பழைய முடிவுகளைப் பாருங்கள். மதிப்பைப்போல இரண்டு மடங்குக்குப் போன லாட்டுகளும், அதைத் தொடாமலே திரும்பியவையும் ஒரே ஏலத்தில் இருக்கும்.

கணக்கு

இப்போது தாளை எடுங்கள். எட்வர்ட் மன்னரின் 1908 டாலர், இ.எஃப். நிலை, ஸ்லாப் இல்லை, படம் மட்டும் பார்த்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கீழே வரும் எண்கள் கணக்கு காட்டுவதற்காக நான் போட்டவை, சந்தை விலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கமிஷன் சேர்த்துக் கிடைத்த பழைய விலைகள் 420, 460, 480, 510, 900 ரிங்கிட். அந்த 900-ஐ முதலில் அடித்துவிடுங்கள். இரண்டு பேர் வீம்புக்கு மோதியிருக்கலாம், அல்லது அந்தக் காசு உண்மையில் ஒரு படி மேலான நிலையில் இருந்திருக்கலாம். மீதி நான்கின் நடு ஏறத்தாழ 470.

படத்தை மட்டும் நம்பிக் கேட்பதால் அதில் பத்து விழுக்காடு கழிக்கிறேன். இதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு காசைப் பத்துப் பேர் பார்த்துப் பத்து விதமாக மதிப்பிடுகிறார்கள் என்றால், ஏலத்தில் ஜெயிப்பவர் யார்? எல்லாரையும்விட அதிகமாக மதிப்பிட்டவர். அதாவது, தவறாகக் கூட்டி மதிப்பிட்டிருக்க அதிக வாய்ப்புள்ளவர். 1971-இல் அமெரிக்க எண்ணெய்க் கம்பெனிப் பொறியாளர்கள் மூவர், கடலடி எண்ணெய் வயல்களுக்கு ஏலம் கேட்ட கம்பெனிகள் ஏன் எதிர்பார்த்த லாபம் காணவில்லை என்பதற்கு இதையே காரணமாக எழுதினார்கள். எதிரில் ஆள் அதிகமாக இருக்கும்போது நாம் இன்னும் கொஞ்சம் குறைத்துக் கேட்க வேண்டும். ஏல அறையில் மனசு சொல்வது இதற்கு நேர் எதிராக இருக்கும்: இத்தனை பேர் கேட்கிறார்கள் என்றால் நல்ல காசாகத்தான் இருக்கும் என்று.

சரி, 470-இல் பத்து விழுக்காடு போக 423. காசு வீட்டுக்கு வந்து சேரும்போது மொத்தச் செலவு இதைத் தாண்டக் கூடாது.

தபாலும் காப்புறுதியும் 18 ரிங்கிட். மீதி 405. வாங்குபவர் கமிஷன் 20 விழுக்காடு. பதினைந்தும் இருக்கும், இருபத்தைந்தும் இருக்கும். விதிமுறையில் பாருங்கள், கமிஷனுக்கு மேல் வரி உண்டா என்றும் அங்கேயே பாருங்கள். 405-ஐ 1.20-ஆல் வகுத்தால் 337.50. அந்த ஏலத்தில் பத்துப் பத்தாக ஏறும் என்றால் உங்கள் எல்லை 330. சரிபார்க்கலாம்: 330-க்குக் கமிஷன் 66, ஆக 396, தபாலோடு 414. எல்லைக்குள் இருக்கிறது.

இதே ஆள் கமிஷனை மறந்து 423 வரை கேட்டிருந்தால்? கமிஷனும் தபாலும் சேர்ந்து 525 ரிங்கிட்டுக்கு மேல் பில் வரும். பழைய ஏலத்தில் யாரும் கொடுக்காத விலை, அந்த ஒரு கிறுக்கு 900-ஐத் தவிர.

இன்னும் இரண்டு எண் எழுதுங்கள். ஒன்று, தரை விலை. 20.21 கிராமில் தொண்ணூறு பங்கு என்றால் 18.19 கிராம் சுத்த வெள்ளி. வெள்ளி கிராம் 5 ரிங்கிட் என்று வைத்தால் சுமார் 91 ரிங்கிட். காசுக்கு எந்த மதிப்பும் இல்லாமல் போனாலும் நகைக்கடையில் உருக்கிக் கிடைப்பது இதற்குப் பக்கத்தில்தான். அதற்கு மேலே நீங்கள் கொடுக்கும் சுமார் 320 ரிங்கிட் முழுக்க முழுக்க அரிதுக்கும் அழகுக்கும். தரை விலைக்கும் கேட்கும் விலைக்கும் நடுவே தூரம் கூடக்கூட நிலையைச் சரியாகப் பார்த்தாக வேண்டிய கட்டாயமும் கூடும்.

மற்றது, திரும்ப விற்றால் கிடைப்பது. அதே ஏலத்தில் போடுகிறீர்கள், வாங்குகிறவர் எல்லாம் சேர்த்து 470 கொடுக்கிறார். சுத்தியல் விலை ஏறத்தாழ 392. விற்பவர் கமிஷன் பத்து விழுக்காடு போனால் உங்கள் கைக்கு 352. நீங்கள் போட்டது 414. சரியாக வாங்கி, சரியான நாளில் விற்றாலும் அறுபது ரிங்கிட் போகும். சில ஆண்டுகள் அந்தக் காசை வைத்திருந்து பார்த்து மகிழ்ந்ததற்கு அறுபது ரிங்கிட் சம்மதம் என்றால் கேளுங்கள். லாபத்துக்காக மட்டும் என்றால் எல்லையை 280-க்கும் கீழே இறக்குங்கள். நிறைய லாட்டுகளை இழப்பீர்கள், அது பரவாயில்லை.

வெளிநாட்டு ஏலம் என்றால் இன்னும் கூட்டல் உண்டு. 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத பொருளை வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கினால் 2024 ஜனவரி முதல் பத்து விழுக்காடு விற்பனை வரி இருக்கிறது. இந்தியாவிலிருந்து வாங்குவதில் வேறொரு சிக்கல். அங்கே 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டுக்கு மேற்பட்ட காசும் தொல்பொருள். தனியார் அதை நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. “ஊர்லேர்ந்து வரும்போது பையில போட்டுக் கொண்டாந்துடுறேன்” என்று சொந்தக்காரர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். விமான நிலையத்தில் மாட்டுவது அவர்தான்.

ஏல நேரத்தில்

எழுதிய எண் கையில் இருந்தால் இங்கே செய்ய வேண்டியது அதிகம் இல்லை. பெரும்பாலான இணைய ஏலங்களில் உங்கள் உச்சத் தொகையை முன்கூட்டியே பதிந்துவிடலாம். இயந்திரம் உங்களுக்காக ஒவ்வொரு படியாகக் கேட்கும்; எதிராளி 250-இல் நின்றுவிட்டால் உங்களுக்கு 260-க்கே முடியும், 330 போகாது. ஒரே தொகையை இருவர் பதிந்தால் முதலில் பதிந்தவருக்கு என்பது பொதுவான விதி, எனவே முந்திக்கொள்வதில் லாபம் உண்டு. பேராக்கில் பின்னேரத்து இடிமழைக்கு மின்சாரம் ‘டிரிப்’ ஆவதும் லைன் போவதும் சகஜம். பதிந்து வைத்தவர் அதற்குக் கவலைப்பட வேண்டியதில்லை.

நேரலையில் உட்கார்ந்து கேட்டால்தான் கிக் என்பவர்கள், எழுதிய தாளை வீட்டில் வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். 330 தாண்டியதும் “இன்னும் ஒரே ஒரு பத்து” என்று கை தானாகப் போகும். அந்தப் பத்து கமிஷனோடு பன்னிரண்டு. எதிராளிக்கும் அதே எண்ணம்தான், அவரும் இன்னொரு பத்து போடுவார். மனைவியின் கையில் தாள் இருந்தால் இந்த விளையாட்டு ஒரு சுற்றோடு நிற்கும், என் அனுபவத்தில் அரைச் சுற்றோடு.

முகநூல், வாட்சாப் லேலோங்குகளில் (ஏலங்களில்) கமிஷன் பெரும்பாலும் இல்லை என்பதால் கணக்கு சுலபம். ஆனால் விற்பவரே ஆள் வைத்து விலையை ஏற்றுவது அங்கேதான் எளிது. ஒரே விற்பனையாளரின் லாட்டுகளில் மட்டும் ஒரே ஆள் திரும்பத் திரும்ப விலை கேட்டு, கடைசியில் ஜெயிக்காமல் விலகுகிறார் என்றால் கவனியுங்கள். “ஜெயித்தவர் பணம் கட்டவில்லை, உங்களுக்கே தருகிறேன்” என்று தனியாகச் செய்தி வந்தால், முதல் கேள்வி: எந்த விலைக்கு? அந்தப் போலி ஆள் விலையை ஏற்றத் தொடங்குவதற்கு முன் நீங்கள் கேட்ட விலைக்கே தருவார் என்றால் யோசிக்கலாம்.

பணம் அனுப்புவதற்கு முன் விற்பவரின் வங்கிக் கணக்கு எண்ணையும் கைப்பேசி எண்ணையும் போலீசின் ‘செமாக் மியூல்’ தளத்தில் தட்டிப் பாருங்கள். புகார் உள்ள கணக்கு என்றால் காட்டும். அனுப்பிய பிறகு ஏமாந்தது தெரிந்தால் காத்திருக்காமல் மோசடிப் புகார் எண்ணான 997-ஐ அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்கு முன் தடுக்க வாய்ப்பு இருப்பது முதல் சில மணி நேரம்தான்.

வாங்கிய பிறகு

வந்ததும் எடை, தண்ணீர், லென்ஸ் மூன்றையும் ஒரு தடவை பாருங்கள். விதிமுறையில் திருப்பித் தர எத்தனை நாள் என்று இருக்கும். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே பாருங்கள். பொட்டலத்தைத் திறப்பதைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்வது நல்ல பழக்கம்.

மென்மையான, வாசனை வரும் பிளாஸ்டிக் உறையில் காசை வைக்காதீர்கள். பி.வி.சி. உறை நம் ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும் கசிந்து காசின் மேல் பச்சையாகப் பிசுபிசுக்கும். அட்டை உறையிலோ கெட்டி வட்டப் பெட்டியிலோ போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வையுங்கள். துடைக்க வேண்டாம். கறுத்திருந்தாலும் துடைக்க வேண்டாம்.

ஒரு நோட்டு போடுங்கள். ஒவ்வொரு லாட்டுக்கும் நீங்கள் எழுதிய எல்லை, அது போன விலை, உங்கள் கண்ணுக்குத் தெரிந்த நிலை. ஜெயித்ததைவிட இழந்த லாட்டுகளை எழுதுவது முக்கியம். ஓராண்டில் உங்கள் எல்லைகள் தொடர்ந்து சந்தைக்குக் கீழே நிற்கின்றனவா, அல்லது நீங்கள் கேட்டதெல்லாம் உங்களுக்கே விழுந்துகொண்டிருக்கிறதா என்று அதில் தெரியும். எல்லாமே உங்களுக்கு விழுகிறது என்றால், நீங்கள் கழிக்கும் பத்து விழுக்காடு போதவில்லை, பதினைந்தாக்குங்கள்.